13 தேர்தல், 7 தொகுதி: கருணாநிதியின் வெற்றிக் கணக்கை வரி வரியாகப் பார்த்தால்

காலி வீதி எழுதியது:

சட்டமன்றத் தேர்தலில் 13 தடவை நின்று 13 தடவையும் வென்றவர் மு. கருணாநிதி. இது கொழும்பில் பொது அறிவுப் புத்தகம் புரட்டுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்கு மேலே கேட்டால் பலரும் "திருவாரூர், பெரிய வித்தியாசம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். மற்றப் பதினொரு வரியையும் யாரும் பார்ப்பதில்லை. முழுப் பட்டியலையும் கீழே போடுகிறேன். ஒழுங்கு இப்படி: ஆண்டு, தொகுதி, அவர் எடுத்த வாக்கு, இரண்டாமிடத்தின் வாக்கும் கட்சியும், வித்தியாசம்.

1957 குளித்தலை: 22,785 / 14,489 காங்கிரஸ் / 8,296
1962 தஞ்சாவூர்: 32,145 / 30,217 காங்கிரஸ் / 1,928
1967 சைதாப்பேட்டை: 53,401 / 32,919 காங்கிரஸ் / 20,482
1971 சைதாப்பேட்டை: 63,334 / 50,823 ஸ்தாபன காங்கிரஸ் (பிளவுக்குப் பின் காமராஜர் பக்கம் இருந்தது) / 12,511
1977 அண்ணா நகர்: 43,076 / 26,638 அ.தி.மு.க. / 16,438
1980 அண்ணா நகர்: 51,290 / 50,591 அ.தி.மு.க. / 699
1989 துறைமுகம்: 41,632 / 9,641 முஸ்லிம் லீக் / 31,991
1991 துறைமுகம்: 30,932 / 30,042 காங்கிரஸ் / 890
1996 சேப்பாக்கம்: 46,097 / 10,313 காங்கிரஸ் / 35,784
2001 சேப்பாக்கம்: 29,836 / 25,002 காங்கிரஸ் / 4,834
2006 சேப்பாக்கம்: 34,188 / 25,662 சுயேச்சை / 8,526
2011 திருவாரூர்: 109,014 / 58,765 அ.தி.மு.க. / 50,249
2016 திருவாரூர்: 121,473 / 53,107 அ.தி.மு.க. / 68,366

1957 இல் தி.மு.க.வுக்கு அங்கீகாரம் இல்லை. அதனால் அந்த வரியில் அவருடைய கட்சி "சுயேச்சை" என்றுதான் அதிகாரபூர்வமாகப் பதிவாகியிருக்கும். அந்த முறை வென்ற 15 பேருக்கும் அதே கதைதான்.

என் கேள்வி இதுதான்: இந்த 13 இல் உண்மையில் கஷ்டப்பட்டு வென்றது எத்தனை?

மருதானை மணி எழுதியது:

அண்ணை, 29,836 வாக்கு எடுத்து ஒருவர் சட்டமன்றம் போகிறாரா? அதுவும் பதவியில் இருந்த முதலமைச்சர்! 2015 இல் கொழும்பு மாவட்டத்தில் ரணில் எடுத்த விருப்பு வாக்கு 500,566. 2020 இல் சஜித் 305,744. அந்தக் கணக்கோடு பார்த்தால் சேப்பாக்கம் ஒரு பிரதேச சபை வட்டாரம் மாதிரி இருக்கிறதே.

ஆமர்வீதி எழுதியது:

மணி, இரண்டையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. 1989 முதல் நமக்கு மாவட்டம்தான் தொகுதி. கொழும்பு மாவட்டம் என்றால் வடக்கு, மத்தி, பொரளையில் தொடங்கி அவிசாவளை, ஹோமாகம, மொறட்டுவை வரை 15 பழைய தொகுதிகள் சேர்ந்தது. அது மட்டுமில்லை, கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டபின் வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்கு வரை இருக்கிறது. ஒரே ஆள் மூன்று பேருக்கு எண் போடுகிறார். 500,566 என்றால் அத்தனை பேர் தங்கள் மூன்றில் ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள் என்றுதான் எடுக்க வேண்டும்.

தமிழகத்தில் ஒரு தொகுதி, ஒரு ஆசனம், ஒரு வாக்கு. முதலில் வருபவர் போகிறார், மற்றவர் எல்லாரும் வீட்டுக்கு. அங்கே "வித்தியாசம்" என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. நமது உறுப்பினர் ஒருவருக்கு அப்படி ஒரு எண்ணே எழுத முடியாது, ஏனென்றால் அவர் வேறு கட்சிக்காரரைத் தோற்கடித்து உள்ளே போவதில்லை. முதலில் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று தீர்மானமாகும். பிறகு அந்தப் பட்டியலுக்குள் யார் முன்னே என்று பார்ப்பார்கள். அவருக்கு நிகரான எண் வேண்டுமானால், அவரது வாக்கிலிருந்து அதே பட்டியலில் தவறவிட்ட முதல் ஆளின் வாக்கைக் கழிக்க வேண்டும். பத்திரிகைகள் அதைப் போடுவதில்லை, நாமேதான் கழித்துப் பார்க்க வேண்டும்.

கணக்குப்புள்ளை எழுதியது:

காலி வீதியின் கேள்விக்கு வருகிறேன். வித்தியாசத்தை வெறும் எண்ணாக வரிசைப்படுத்தினால் 2016 முதலில் வரும். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே பெரிய வித்தியாசமும் அதுதான். ஆனால் 46,097 வாக்கு எடுத்த ஊரையும் 121,473 வாக்கு எடுத்த ஊரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆகவே வித்தியாசத்தை முதல் இருவரின் கூட்டுத்தொகையால் பிரித்து நூறால் பெருக்குங்கள். 1962 ஐ எடுத்தால் 1,928 ஐ 62,362 ஆல் பிரிக்க 3.1 சதவீதம் வரும். அதே முறையில் எல்லா வரிக்கும் போட்டால்:

1996: 63.4
1989: 62.4
2016: 39.2
2011: 29.9
1967: 23.7
1977: 23.6
1957: 22.3
2006: 14.2
1971: 11.0
2001: 8.8
1962: 3.1
1991: 1.5
1980: 0.7

ஆக 2016 மூன்றாமிடம். மேலே இருப்பது இரண்டும் சென்னை நகரத்துக்குள் இருந்த சின்னத் தொகுதிகள். கீழே மூன்று வரி மயிரிழையில் போனவை. 1980 இல் அண்ணா நகரில் 350 பேர் மட்டும் கருணாநிதிக்குப் போட்டதை அ.தி.மு.க.வின் டாக்டர் ஹண்டேக்கு மாற்றிப் போட்டிருந்தால் ஹண்டே ஒரு வாக்கால் வென்றிருப்பார். 1991 இல் துறைமுகத்தில் 446 பேர். 1962 இல் தஞ்சாவூரில் 965 பேர், எதிரே பரிசுத்த நாடார். வித்தியாசத்தைப் பாதியாக்கி ஒன்று கூட்டினால் (ஒற்றை எண் என்றால் மேல்நோக்கி முழுமையாக்கினால்) இந்த எண் கிடைக்கும். சதவீதத்தைவிட இது சட்டென்று விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. முதல் இருவரை மட்டும் வைத்துப் போடும் கணக்கு மூன்றாம், நான்காம் ஆளை மறைத்துவிடும். 1989 அப்படிப்பட்ட வரி. எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று பிரிந்து கிடந்தது. காங்கிரஸ் தனியே நின்றது. எதிர் வாக்கு சிதறியதால்தான் இரண்டாமிடம் 9,641 இல் நிற்கிறது. அந்த 62.4 ஐ அப்படியே நம்பக்கூடாது. 1996 வேறு. அப்போது அ.தி.மு.க.வும் காங்கிரஸும் ஒரே அணியில் இருந்தன, அந்த அணியின் ஆளாக நெல்லை கண்ணன் எதிரே நின்றும் 10,313 தான். இந்த 13 இல் சுத்தமான பெருவெற்றி எது என்றால் என் கணக்கில் 1996.

செல்லுபடியான மொத்த வாக்கு கையில் இருந்தால் அதாலேயே பிரியுங்கள். அது இன்னும் நல்லது.

தாரகை எழுதியது:

கணக்குப்புள்ளை ஐயா, 1971 ஐயும் கொஞ்சம் பாருங்கள். தி.மு.க. 184 ஆசனம் எடுத்த ஆண்டு அது, கட்சிக்கு உச்சம். ஆனால் தலைவரின் சொந்த வித்தியாசம் 20,482 இலிருந்து 12,511 க்கு இறங்கியிருக்கிறது. இவருக்கு 9,933 வாக்குக் கூடியபோது எதிரே 17,904 கூடியிருக்கிறது. அதே மாதிரி தலைகீழாக 2011: கட்சிக்கு 23 ஆசனம்தான், அவருக்கோ 50,249 வித்தியாசம்.

கட்சி அலையை வைத்து ஒருவரின் தனி வரியை ஊகிக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

மருதானை மணி எழுதியது:

அது சரி. ஆனால் நான் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. மயிரிழை என்று சொன்ன மூன்றிலும் அடுத்த தேர்தலில் ஆள் அங்கே இல்லை! தஞ்சாவூர் 1,928, அடுத்தது சைதாப்பேட்டை. அண்ணா நகர் 699, அடுத்தது துறைமுகம். துறைமுகம் 890, அடுத்தது சேப்பாக்கம். தோற்காமல் இருந்ததன் ரகசியம் தொகுதி மாறியதுதான் என்று சொன்னால் யாரும் கோபிக்க வேண்டாம்.

காலி வீதி எழுதியது:

கோபம் இல்லை, கவனித்தது நல்ல விடயம். ஆனால் ஆறு மாற்றத்தில் மூன்றுக்குத்தான் அந்த விளக்கம் பொருந்தும். மற்ற மூன்றையும் பாருங்கள். குளித்தலையில் 22 சதவீதத்தில் வென்றவர் ஓடிப்போகக் காரணம் இல்லை, பலமான காங்கிரஸ் வேட்பாளர் நின்ற தஞ்சாவூருக்குத்தான் போனார். சைதாப்பேட்டையிலிருந்து அண்ணா நகருக்குப் போனது தொகுதி மறுவரையறைக்குப் பிறகு. 1977 இல்தான் அண்ணா நகர் என்ற தொகுதியே முதல் தடவையாக வாக்களித்தது. சேப்பாக்கத்திலிருந்து திருவாரூருக்குப் போனதும் மறுவரையறைக்குப் பிறகுதான்.

இன்னொன்று, 2001 இல் 4,834 என்று மெலிந்துபோன பிறகும் 2006 இல் அதே சேப்பாக்கத்தில்தான் நின்றார். மாறிக்கொண்டே இருப்பது பழக்கம் என்றால் அப்போதே மாறியிருக்க வேண்டும்.

மருதானை மணி எழுதியது:

8.8 சதவீதம் மயிரிழை இல்லையே அண்ணை. 3.1, 1.5, 0.7 என்ற மூன்றுக்கும் பிறகு மாறியிருக்கிறார், அதற்கு மேலே இருந்தால் இருந்திருக்கிறார். நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

ஆமர்வீதி எழுதியது:

மணி சொல்வதில் பாதி உண்டு என்று நானும் நினைக்கிறேன். அதைக் குறையாகச் சொல்வதற்கு முன்னால் சொந்த ஊரிலோ பழைய தொகுதியிலோ நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். காமராஜர் 1967 இல் சொந்த ஊரான விருதுநகரில் நின்று மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார். அண்ணாவே 1962 இல் காஞ்சிபுரத்தில் தோற்றார். ஜெயலலிதா 1991 இல் வென்ற பர்கூரிலேயே 1996 இல் திரும்பவும் நின்று 8,366 வாக்கில் கவிழ்ந்தார். எம்.ஜி.ஆர். தோற்றதில்லை. அவரும் பரங்கிமலை இரண்டு தடவை, பிறகு அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி என்று ஒவ்வொன்றாக மாறியவர்தான். ஒரு தொகுதியில் ஐந்து வருடம் சேர்ந்த மனக்கசப்பு அடுத்த தேர்தலில் எண்ணிக்கையாகத் திரும்பும். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் தப்பினார்கள்.

அலையையும் சேர்த்துப் பாருங்கள். 1991 இல் ராஜீவ் காந்தி மே 21 இல் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டு, வாக்களிப்பு ஜூன் 15 க்குத் தள்ளிப்போய், தி.மு.க.வைப் புரட்டிப் போட்ட தேர்தல் அது. கட்சிக்கு மொத்தமே இரண்டு ஆசனம். அந்த 890 ஐ 1980 இன் 699 உடன் ஒரே கூடையில் போடக்கூடாது. 1980 இல் ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க. – காங்கிரஸ் அணி 39 இல் 37 ஐ அள்ளியது. ஐந்து மாதத்துக்குள் அதே அணி சட்டமன்றத்தில் எம்.ஜி.ஆரிடம் தோற்றது. வெல்லும் என்று எல்லோரும் நினைத்த தேர்தலில் தலைவர் 699 இல் தப்பினார். 1991 இல் எல்லோரும் மூழ்கியபோது அவர் 890 இல் தலையைத் தூக்கினார். எனக்குப் பெரிதாகப் படுவது 890 தான்.

தாரகை எழுதியது:

திருவாரூர் பற்றி ஒன்று. சொந்த மாவட்டம், திருக்குவளை பக்கம்தானே, ஏன் 2011 வரை அங்கே நிற்கவில்லை என்று பலர் கேட்பார்கள். அது அதுவரை தனித்தொகுதி, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் மனுப் போடவே முடியாது. 2008 மறுவரையறையில்தான் பொதுத்தொகுதியாக மாறியது, முதல் தேர்தல் 2011. அதே மறுவரையறையில் சேப்பாக்கமும் தனியாக இல்லாமல் சேப்பாக்கம் – திருவல்லிக்கேணி ஆகிவிட்டது. ஆகவே "சேப்பாக்கத்தைக் கைவிட்டார்" என்று எழுதுவது பிழை. அவர் மூன்று முறை வென்ற சேப்பாக்கம் 2011 இல் வரைபடத்திலேயே இல்லை.

மருதானை மணி எழுதியது:

பட்டியலில் 1980 க்கும் 1989 க்கும் இடையில் 1984 டிசம்பர் தேர்தல் இருக்கிறதே. அங்கே ஏன் வரி இல்லை? தோற்றதை மறைத்துவிட்டார்களா?

காலி வீதி எழுதியது:

மறைக்கவில்லை, அவர் நிற்கவே இல்லை. 1983 இல் நமது இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காகத்தான் கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் மேலவைக்குப் போனார். 1986 நவம்பரில் மேலவையே கலைக்கப்பட்டது. பிறகு 1989 ஜனவரியில்தான் திரும்பச் சட்டமன்றம். 1991 இலும் வென்ற பிறகு கட்சித் தோல்விக்குப் பொறுப்பேற்று அந்த ஆசனத்தைத் துறந்துவிட்டார், 1996 வரை சபைக்கு வெளியே.

"60 ஆண்டு சட்டமன்ற உறுப்பினர்" என்று எழுதுவது அதனால் சரியில்லை. 2017 இல் வைர விழா எடுத்தது 1957 இல் முதலில் நுழைந்ததிலிருந்து எண்ணித்தான். இடையில் ஆட்சி கலைக்கப்பட்ட 1976 ஜனவரி முதல் 1977 ஜூன் வரை யாருமே உறுப்பினர் இல்லை என்பதையும் கழிக்க வேண்டும். வெற்றிகள் ஒரு நிரல், உறுப்பினராக இருந்த காலம் இன்னொரு நிரல். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கணக்கு நாறிவிடும்.

ஆமர்வீதி எழுதியது:

அதே 1983 இல் இங்கேயும் ஓர் ஓட்டை விழுந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். அதற்கு முன் 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பால் 1977 பாராளுமன்றமே நீட்டப்பட்டது. ஆகவே 1977 க்கும் 1989 க்கும் இடையில் எந்த இலங்கை அரசியல்வாதியின் பட்டியலிலும் பொதுத்தேர்தல் வரி இருக்காது. அது தெரியாமல் "12 வருடம் போட்டியிடவில்லை" என்று குறித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதவி துறந்து திரும்ப வென்ற வரிக்கு நல்ல உதாரணம் நம்மிடமே உண்டு. தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் 1972 அக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 வரை இழுபட்டது. அவருக்கு 25,927, எதிரே வி. பொன்னம்பலத்துக்கு 9,457, வித்தியாசம் 16,470. அவரது பட்டியலில் இதைச் சேர்க்காவிட்டால் 1970 உடன் முடிந்த மாதிரி இருக்கும். 1952 இல் அதே தொகுதியில் தோற்ற வரியும் கட்டாயம் வர வேண்டும்.

அமிர்தலிங்கத்தின் பட்டியல் இன்னும் சிக்கல். 1956 முதல் 1965 வரை வட்டுக்கோட்டையில் நான்கு வெற்றி, 1970 இல் அங்கேயே தோல்வி, 1977 இல் காங்கேசன்துறையில் வெற்றி. 1989 இல் மட்டக்களப்பில் நின்று தெரிவாகவில்லை, தேசியப் பட்டியலில் பாராளுமன்றம் போனார். "1989: உறுப்பினர்" என்று மட்டும் எழுதினால் அது வெற்றி போலத் தெரியும். மக்கள் வாக்களித்தது வேறு, கட்சி அனுப்பியது வேறு. மேலவையும் தேசியப் பட்டியலும் எப்போதும் தனி நிரலில் இருக்க வேண்டும்.

தாரகை எழுதியது:

வேறொருவருக்கு இதே மாதிரிப் பட்டியல் தயாரிக்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது, எதில் வழுக்கும் என்று யாராவது சொல்லுங்கள். ஸ்டாலினை எடுத்துப் பார்க்கலாமா?

கணக்குப்புள்ளை எழுதியது:

நல்ல தெரிவு, ஏனென்றால் தோல்வியும் இருக்கிறது. 1984 இல் ஆயிரம் விளக்கில் தோல்வி, 1989 இல் அங்கேயே வெற்றி, 1991 இல் தோல்வி, 1996, 2001, 2006 இல் திரும்ப வெற்றி, 2011 முதல் கொளத்தூர். 2011 இல் சைதை துரைசாமிக்கு எதிராக 2,734 தான் வித்தியாசம்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் மாநிலவாரியாகப் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதில் தொகுதி வாரியாக மொத்த வாக்காளர், வாக்களித்தோர், செல்லாதவை, செல்லுபடியானவை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் கிடைத்தது எல்லாம் இருக்கும். முதலில் அதைத் திறந்து, பத்திரிகைச் செய்தியைக் கடைசியில் பாருங்கள். எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போது வந்த எண்ணை முடிவு என்று போட்ட செய்திகள் நிறைய. வாக்குச்சாவடி மட்டத்தில் வேண்டுமென்றால் படிவம் 20 என்று ஒன்று உண்டு, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் அண்மைக்காலத் தேர்தல்களுக்குக் கிடைக்கும். மயிரிழை வெற்றி எந்தத் தெருவில் வந்தது என்று அதில்தான் தெரியும்.

நிரல்கள்: தேர்தல் மாதம், தொகுதி, அப்போதைய எல்லை, பொதுவா தனியா, பதிவான கட்சி, கூட்டணி, வாக்கு, செல்லுபடியான மொத்தம், இரண்டாமவர், வித்தியாசம், பதவி முடிந்த விதம். கடைசி நிரலை யாரும் போடுவதில்லை. கலைப்பா, துறப்பா, மரணமா, காலம் முடிந்ததா என்பது தெரியாவிட்டால் அடுத்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்காது.

வழுக்கும் இடங்கள் பல. கட்சிக் குறியீடு முதலாவது. பழைய அறிக்கைகளில் அ.தி.மு.க. "ஏ.டி.கே." என்றும் ஸ்தாபன காங்கிரஸ் "என்.சி.ஓ." என்றும் வரும். தேடும்போது இன்றைய குறியீட்டைப் போட்டால் ஒன்றும் அகப்படாது. பெயரின் முதலெழுத்தும் எழுத்துக்கூட்டலும் அறிக்கைக்கு அறிக்கை மாறும், அதனால் பெயரால் தேடாமல் தொகுதியால் தேடுங்கள். 1957 அறிக்கையில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் உண்டு. 205 ஆசனத்துக்கு 167 தொகுதிதான், 38 தொகுதியில் இருவர் தெரிவானார்கள். அந்த 38 இல் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலான வித்தியாசம் ஒன்றுமே சொல்லாது, பெரும்பாலும் இருவரும் வென்றவர்கள். தோற்றவர்களில் முன்னே வந்தவரோடு கழிக்க வேண்டும்.

பிறகு நோட்டா, அதாவது "யாருக்கும் இல்லை" என்ற தெரிவு. தமிழகச் சட்டமன்றப் பொதுத்தேர்தலில் அது முதலில் வந்தது 2016 இல். வேட்பாளரின் கட்டுப்பணம் திரும்பக் கிடைக்கச் செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும் என்ற கணக்கில் நோட்டா சேராது. சில அட்டவணைகளில் சதவீதம் போடும்போது சேர்ந்துவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு சதவீதம் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். 2001 முதல் முழு மாநிலமும் வாக்கு இயந்திரத்துக்கு வந்துவிட்டதால், தபால் வாக்கைத் தவிர செல்லாத வாக்கு என்று ஒன்று இல்லை. அதற்கு முந்திய வரிகளில் செல்லாதவற்றைக் குறித்து வையுங்கள், 699 மாதிரி வித்தியாசத்துக்குப் பக்கத்தில் அந்த எண் வந்தால்தான் படம் முழுமையாகும்.

இந்தியக் காற்புள்ளியையும் மறக்காதீர்கள். அங்கே 1,21,473 என்று வரும். அப்படியே எக்ஸெலில் ஒட்டினால், நமது அமைப்பில் சில நேரம் எண்ணாக எடுக்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும், கூட்டல் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒட்டியதும் காற்புள்ளி முழுவதையும் நீக்கிவிட்டு, முதலாமவரிலிருந்து இரண்டாமவரைக் கழித்து அச்சில் உள்ள வித்தியாசத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் இடம் மாறியிருந்தால் அங்கே பிடிபடும். மேலே காலி வீதி போட்ட 13 வரியும் கழித்தால் சரியாக வருகிறது.

மருதானை மணி எழுதியது:

ஒரே தேர்தலில் இரண்டு இடத்தில் நின்றால் எத்தனை வெற்றி?

ஆமர்வீதி எழுதியது:

ஜெயலலிதா 1991 இல் பர்கூரிலும் காங்கேயத்திலும் வென்று காங்கேயத்தை விட்டார். வெற்றி இரண்டு, பதவிக்காலம் ஒன்று. இரண்டு வரியாகப் போட்டு, விட்டதைக் குறியுங்கள். 1996 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கு மேல் நிற்க முடியாது. 2001 இல் அவர் நான்கு இடத்தில் மனுப் போட்டார், நான்கும் நிராகரிப்பு. அது தோல்வி அல்ல, "நிராகரிப்பு" என்று தனியாக எழுத வேண்டும். 2002 ஆண்டிபட்டி இடைத்தேர்தல் தனி வரி.

நமது பழைய கொழும்பு மத்தி இதைவிட மோசம். மூன்று உறுப்பினர் தொகுதி, ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு, மூன்றையும் ஒரே ஆளுக்குப் போடலாம். கம்யூனிஸ்ட் பீட்டர் கெனமன் 1947 முதல் 1977 வரை அங்கே நின்று பிடித்ததில் அந்த விதிக்குப் பெரிய பங்கு. சின்னதாக இருந்தாலும் கட்டுக்கோப்பான வாக்கு மூன்று மடங்காகும். அந்தத் தொகுதியின் வேட்பாளர் வாக்குகளைக் கூட்டி, வாக்காளர் தொகையால் பிரித்து வாக்களிப்பு வீதம் போட்டால் நூறைத் தாண்டிவிடும். அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

பின்னாளில் ஜனாதிபதியான பிரேமதாசவின் பட்டியலையும் அங்கேதான் பார்க்க வேண்டும். 1960 மார்ச்சில் கொழும்பு மத்தியில் வெற்றி, அதே வருடம் ஜூலையில் தோல்வி, 1965, 1970, 1977 இல் வெற்றி. "1960" என்று ஒரே வரி வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிடுவார்கள். ஆண்டோடு மாதமும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

தாரகை எழுதியது:

விளங்குகிறது. இன்னும் ஒன்று: கருணாநிதி 13 தேர்தலிலும் எடுத்த வாக்கைக் கூட்டினால் 679,203 வருகிறது. பட்டியலின் அடியில் போடலாமா?

கணக்குப்புள்ளை எழுதியது:

கூட்டல் சரி. போடாதீர்கள். அதில் 230,487 கடைசி இரண்டு திருவாரூர் தேர்தலில் மட்டும் வந்தது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒன்பது சென்னைத் தேர்தலும் இரண்டு காவிரிக்கரை ஆரம்பத் தேர்தலும் சேர்ந்து மிச்சம். வாக்காளர் தொகை பெருகியதும் தொகுதி பெரிதானதும்தான் அந்த எண்ணில் தெரியும், ஆள் தெரியமாட்டார். அடியில் ஏதாவது போட வேண்டும் என்றால் மயிரிழை மூன்றின் 350, 446, 965 ஐப் போடுங்கள்.

மருதானை மணி எழுதியது:

பக்கத்தில் "அடுத்த தேர்தலில் நின்ற தொகுதி" என்று ஒரு நிரலும் சேர்த்துவிடுங்கள் தாரகை. வாசிக்கிறவர்களே முடிவு பண்ணட்டும்.